ஓடுவோர் கடிகாரமும் புளியங்கொட்டைக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



இம்மேடையிலே ஆன்றோர் பலர் அரும்பொருள்கள் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறோம். அவர்கள் நின்ற இடத்தில் நிற்கும் தகுதி எனக்கு உண்டென்று நான் எண்ணவில்லை. நான் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் பயிலும் ஒரு மாணவன். ஓடுவோர் கையிற் கட்டும் கடிகாரம் தாம் ஓடிய தூரத்தை எவ்வாறு அறிகிறது, அது சொல்லும் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் சென்ற ஆண்டு பொங்கல் ஓட்டத்தின் முடிவில் நிகழ்ந்ததைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். அன்று மிக உரத்துப் பேசியவன் நான். ஆகையால் இன்று நான் பேசுவதிற் பாதி விஞ்ஞானம். மறுபாதி கடன் தீர்த்தல்.

அன்று நடந்ததை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கடலோர வீதியிலே 5 கிலோமீற்றர் சென்று, அதே வழியால் திரும்பும் 10 கிலோமீற்றர் ஓட்டம் அது. 45 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கும் வாலிபர்களுக்கு மாவட்டப் போட்டிக்குச் சென்று வர வழிச்செலவு தருவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. என் தம்பி 45 நிமிடம் 20 செக்கனில் வந்து சேர்ந்தான். அவன் கையிற் கட்டியிருந்த கடிகாரமோ 10.18 கிலோமீற்றர் என்று காட்டியது. அவன் கணக்குப் பார்த்தான். அந்த வேகத்தில் 10 கிலோமீற்றரை அவன் 44 நிமிடம் 32 செக்கனில் தாண்டியிருக்க வேண்டும். "அண்ணா, பாதையை நீளமாக அளந்துவிட்டார்கள்" என்று கண்கலங்கி நின்றான். இன்னொருவர் கடிகாரம் 10.06 என்றும், மற்றொருவருடையது 9.91 என்றும் காட்டின. அவற்றை நான் பார்த்தும் பாராதவன் போல விட்டுவிட்டேன்.

பாதையை அளந்தவர் நம்மூர்ப் பெரியவர் ஒருவர். தமது பழைய துவிச்சக்கர வண்டியின் முன்சக்கரக் கம்பியிற் சிவப்புத் துணி கட்டி, சுற்றுகளை எண்ணி, நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் மடியில் இட்டு அளந்தார். நான் கூட்டத்தின் நடுவே நின்று, "வானத்திலே செய்மதிகள் அளக்கும் காலத்தில் புளியங்கொட்டையைக் கொண்டு அளப்பதா?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். வீண் சச்சரவு வேண்டாமென்று சங்கத்தார் தம்பிக்கு வழிச்செலவைக் கொடுத்துவிட்டனர்.

அன்பர்களே, அன்று நான் பேசியது சரியா, பிழையா என்பதை அறிய வேண்டுமாயின், அந்தக் கடிகாரத்தின் உள்ளே நடப்பதை முதலில் அறிய வேண்டும்.

பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஜீ.பீ.எஸ். செய்மதிகள் சுற்றிவருகின்றன. முதற் செய்மதி 1978 இல் ஏவப்பட்டது. அமைப்பு முழுமை பெற்றது 1995 இல். இது அமெரிக்கரின் இராணுவத் தேவைக்கென எழுந்தது. ருஷ்யரின் குளோனாஸ், ஐரோப்பியரின் கலிலியோ, சீனரின் பெய்டு என்பனவும் இன்று இதே தொழிலைச் செய்கின்றன. ஒவ்வொரு செய்மதியிலும் அணுக்கடிகாரம் உண்டு. "இப்பொழுது நேரம் இன்னது, நான் நிற்கும் இடம் இன்னது" என்று அது ஓயாமல் வானொலி அலைமூலம் கூவிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூவல் நம் கைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு செக்கனின் பதினைந்தில் ஒரு பங்கு செல்லும். புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டு, ஒளியின் வேகத்தாற் பெருக்கினால், செய்மதிக்கும் நமக்கும் இடையேயுள்ள தூரம் கிடைக்கும்.

மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் நம் கையிலுள்ளது அணுக்கடிகாரம் அன்று. அதன் நேரம் சற்றே பிசகியிருக்கும். அப்பிசகையும் கண்டு கழிப்பதற்கு நான்காவது செய்மதி ஒன்று வேண்டும். நேரத்தில் ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால், தூரத்தில் 30 சென்ரிமீற்றர் தவறும். ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைப்படி செய்மதியின் கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளொன்றுக்குச் செக்கனின் பத்து லட்சத்தில் 38 பங்கு விரைந்து ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் தூரக் கணக்கு ஒரே நாளில் 11 கிலோமீற்றருக்கு மேற் பிசகிவிடும். ஏட்டளவில் நிற்கும் தத்துவம் என்று நாம் எண்ணிய ஒன்று, பொங்கல் ஓட்டத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

கடலிற் செல்லும் நம் பெரியோர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கரையிலே கோபுரமும் பனையும் ஒரே நேரில் வர ஒரு கோடு. வேறொரு பக்கத்தில் இரண்டு மரங்கள் நேரில் வர மற்றொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்திற் பார் உண்டு, மீன் உண்டு என்று அவர்கள் கண்டார்கள். தெரிந்த இடங்களைக் கொண்டு தெரியாத இடத்தைக் காண்பதே இரண்டிற்கும் அடிப்படை. அவர்கள் நேர்க்கோட்டைக் கொண்டு கண்டார்கள். செய்மதி தூரத்தைக் கொண்டு காண்கிறது.

இந்த வசதி எல்லோருக்கும் கிடைத்ததற்குப் பின்னே ஒரு துயரமும் உண்டு. 1983 செப்ரெம்பர் 1 ஆம் திகதி கொரிய விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வானெல்லைக்குட் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே ஜீ.பீ.எஸ். பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்குமென்று அமெரிக்க ஜனாதிபதி றேகன் அறிவித்தார். எனினும் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினார்கள். அதனால் நூறு மீற்றர் வரை இடம் பிசகும். 2000 மே மாதத்தில் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. ஓடுவோர் கடிகாரங்கள் சந்தைக்கு வந்து பரவியது அதன் பிறகே. இன்று திறந்த வானத்தின் கீழே சாதாரணக் கருவியொன்று ஏறக்குறைய 5 மீற்றருக்குள் நம் இடத்தைச் சொல்லிவிடும்.

அப்படியாயின் தம்பியின் கடிகாரம் 180 மீற்றர் மிகையாகக் காட்டியது எப்படி? இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இடத்தில் வரும் பிழை வேறு. தூரத்தில் வரும் பிழை வேறு. கடிகாரம் நம் பாதை முழுவதையும் ஒரே சீராக 5 மீற்றர் மேற்கே தள்ளிக் காட்டினால், படத்திலே நாம் அலைமேல் ஓடியவர்களாகத் தோன்றுவோம். ஆனால் ஓடிய தூரம் மாறாது. ஒவ்வொரு கணமும் புள்ளி வெவ்வேறு பக்கமாகத் துள்ளும்போதே தூரம் கெடுகிறது.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 10 மீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் உள்ளன. உண்மையில் நாம் நேராக ஓடினோம். கடிகாரமோ இரண்டாவது புள்ளியை ஒரு மீற்றர் பக்கவாட்டில் விலக்கி வைத்துவிட்டது. பள்ளிக்கூடத்திற் படித்த பைதகரஸ் தேற்றத்தின்படி அது காட்டும் தூரம் 10 மீற்றரும் 5 சென்ரிமீற்றருமாகும். அடுத்த புள்ளி மறுபக்கம் விலகினாலும் அந்த 5 சென்ரிமீற்றர் கழிவதில்லை; மேலும் கூடுகிறது. 10 மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் என்றால் 10 கிலோமீற்றருக்கு 50 மீற்றர். நேரே இழுத்த கயிற்றைவிட நெளிந்து கிடக்கும் கயிறு நீளம் அல்லவா? இவ்வாறு துள்ளும் பிழை தூரத்தை மிகையாகவே காட்டும் என்பதை 2016 இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் கணித முறையால் நிறுவிக் கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

புள்ளி ஏன் துள்ளுகிறது? தென்னந்தோப்பின் ஊடே ஓடும்போது அடர்ந்த ஓலைகள் அலையை மெலியச் செய்கின்றன. மதிலிலும் கட்டடத்திலும் பட்டுத் தெறித்து வரும் அலை நேரே வருவதைவிடத் தாமதமாக வருகிறது. கடிகாரம் அதையும் நம்பிவிடுகிறது. கை வீசும்போது நம் உடலே வானத்தின் ஒரு பாதியை மறைக்கிறது. அன்றியும், நம் நாடு பூமியின் காந்த நடுக்கோட்டை அடுத்துக் கிடக்கிறது. இந்தியர் 1963 இல் தும்பாவிலே றொக்கெற் தளம் அமைத்ததும் அக்கோட்டை ஒட்டிய இடம் என்பதனாலேயே. இந்தப் பகுதியில் அயன மண்டலம் அலைகளை அதிகமாகத் தாமதப்படுத்தும். புதிய கடிகாரங்கள் சில இரண்டு வெவ்வேறு அலைவரிசைகளைக் கேட்டு, இரண்டின் தாமதத்தையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றன. தம்பியினுடையது அத்தகையது அன்று. ஆனாலும் நம் கடற்கரை இவ்விஷயத்திற் பாக்கியம் செய்தது. கொழும்பு மாநகரின் மாடிகளுக்கிடையே ஓடுபவனைவிட, மேற்கே தொடுவானம் வரை திறந்து கிடக்கும் நம் வீதியில் ஓடுபவனுக்குச் செய்மதிகள் நன்றாகத் தெரியும்.

9.91 என்று காட்டிய கடிகாரமோ மின்கலத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பல செக்கன்களுக்கு ஒருமுறை மட்டுமே புள்ளி வைத்தது. இரண்டு புள்ளிகளுக்கிடையில் வீதி வளைந்தாலும் அது நேர்க்கோடு போட்டுவிடும். வளைவுகளை வெட்டியதனால் தூரம் குறைந்தது. ஒரே வீதி, ஒரே காலை; மூன்று கடிகாரங்கள், மூன்று தூரங்கள். அம்மூன்றில் என் தம்பிக்கு உகந்ததை மட்டும் நான் உண்மையென்று எடுத்துக்கொண்டேன். விஞ்ஞானம் பயில்பவன் செய்யத் தகாத காரியம் இது.

இனி, வீதியை முறைப்படி அளப்பது எப்படி என்று பார்ப்போம். மரதன் ஓட்டத்தின் தூரமாகிய 42.195 கிலோமீற்றர் 1908 இல் லண்டனில் ஓடப்பட்டு, 1921 இல் நிலையாக வகுக்கப்பட்டது. அத்தகைய பெரிய ஓட்டங்களுக்கும்கூட ஜீ.பீ.எஸ். கொண்டு பாதை அளப்பதை உலக மெய்வல்லுநர் அமைப்பு ஏற்றுக்கொள்வதில்லை. அவர்கள் நம்புவது எதை என்று நினைக்கிறீர்கள்? துவிச்சக்கர வண்டியை! முன்சக்கரத்திற் பொருத்தும் சிறு எண்ணியொன்றை 1971 இல் அலன் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் தம் மகனோடு சேர்ந்து அமைத்தார். அதுவே இன்றும் முறை. முதலில் உருக்கு நாடாவால் அளந்த நேர்வீதியில் வண்டியை ஓட்டி, சக்கரத்தின் கணக்கைச் சரிபார்ப்பார்கள். பின்னர் வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் விட்டு, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியால் அளப்பார்கள். முடிந்ததும் மறுபடியும் சரிபார்ப்பார்கள். வெயில் ஏற ஏற ரயரின் காற்று விரிந்து சக்கரம் இம்மியளவு பெருக்கும் அல்லவா? கடைசியாக, ஆயிரத்துக்கு ஒன்று வீதம், அதாவது கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர், கூட்டி விடுவார்கள். பாதை ஒருபோதும் குறைந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் மான்செஸ்ரர் மரதன் ஒரு பாடம். 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதன் பாதை 380 மீற்றர் குறைந்திருந்ததென 2016 இல் தெரியவந்தது. ஆயிரக்கணக்கானோர் வியர்வை சிந்திப் பெற்ற நேரங்கள் மரதன் நேரங்களாகக் கொள்ளப்படாது போயின. ஓடியவர்களிடத்தில் ஒரு குற்றமும் இல்லை, அளவிலே குற்றம்.

அன்பர்களே, இவற்றையெல்லாம் நூலகத்திற் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடுமுறைக்கு வந்ததும் தம்பியையும் நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். "ஐயா, உங்கள் வண்டியை ஒரு நாள் தரவேண்டும்" என்று கேட்டேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு வண்டியோடு புளியங்கொட்டைப் பையையும் எடுத்துத் தந்தார்.

நில அளவையாளர் ஒருவரிடம் 50 மீற்றர் உருக்கு நாடா இரவல் வாங்கினோம். நேரான வீதியில் 300 மீற்றர் அளந்து வண்டியை உருட்டினோம். சரியாக 135 சுற்று. அதாவது சுற்றொன்றுக்கு 2 மீற்றரும் 22 சென்ரிமீற்றரும் சொச்சமும். பெரியவர் முன்பு பள்ளி மைதானத்தின் 100 மீற்றர்க் கோட்டில் உருட்டிக் கண்டது 45 சுற்று. இரண்டும் ஒன்றே. இந்தச் சுற்றளவில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் 10 கிலோமீற்றரில் நாலரை மீற்றர் பிழைக்கும் என்பதை அறிந்து, வெயில் ஏறுமுன் வீதியில் இறங்கினோம். புறப்படும் இடத்திலிருந்து திரும்பும் இடம் வரை இரண்டு முறை அளந்தோம். இரண்டு முறையும் 2,252 சுற்று. பெரியவரின் கணக்கு 2,253. ஐந்து கிலோமீற்றர் வீதியில் எங்களுக்கும் அவருக்கும் ஒரு சுற்றே வித்தியாசம்!

5 கிலோமீற்றருக்கு 2,250 சுற்றுப் போதுமே, மூன்று சுற்று ஏன் கூட விட்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "தம்பி, அளவு குறைந்தால் ஓடினவன் பொய்யன் ஆவான். கூடினால் நாலடி கூட ஓடினான் என்று போகும்" என்றார். உலக மெய்வல்லுநர் அமைப்பு ஆயிரத்துக்கு ஒன்று என்று விதி வகுத்துச் சொல்வதை, கரைவலைப் பங்கு பிரித்துப் பழகிய அவர் தம் மனச்சாட்சியிலிருந்து எடுத்துச் சொன்னார்.

ஆகவே நம் பாதையின் நீளம் 10 கிலோமீற்றரும் 9 மீற்றரும். எங்கள் அளவிலும் சில மீற்றர் முன்பின் இருக்கலாம். 180 மீற்றர் இருக்க இடமே இல்லை. மிகையான அந்த ஒன்பது மீற்றரைக் கழித்தாலும் தம்பியின் நேரம் 45 நிமிடம் 17 செக்கனுக்குக் குறையாது. அவனை உட்கார்த்தி விசாரித்தபோது வேறு சிலவும் வெளிவந்தன. கடிகாரம் செய்மதிகளைப் பிடித்துக்கொள்ளுமுன்னரே விசில் ஊதியதும் பொத்தானை அழுத்திவிட்டான். நிழல் தேடி வீதியின் இருபுறமும் மாறி மாறி ஓடினான். தண்ணீர்ப் பந்தலுக்கு இரண்டு முறை ஒதுங்கினான். வளைவுகளில் வெளிப்பக்கமாகவே சென்றான். நான் கற்ற மிஷன் பாடசாலையிலே விளையாட்டு ஆசிரியர் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி, "உள்வரையை ஒட்டி ஓடு" என்று ஓயாமற் சொல்லுவார். 400 மீற்றர் மைதானத்தில் இரண்டாம் பாதையிலே ஒரு சுற்று ஓடுபவன் 407 மீற்றர் ஓடுகிறான் என்பதை அவர் விளக்கியிருந்தும், அதை நான் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன், ஓடக் கற்றுக்கொடுக்கவில்லை.

இதனாற் கடிகாரத்தைக் கடலில் எறிந்துவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. நாள்தோறும் பயிற்சி செய்பவனுக்கு அது நல்ல தோழன். நேற்றைவிட இன்று கூட ஓடினேனா என்பதை அறிய நூற்றுக்கு ஒன்று, இரண்டு பிழை பெரிதல்ல. என் மாமா கடலுக்குக் கொண்டுபோகும் ஜீ.பீ.எஸ். கருவி 10 மீற்றர் பிழைத்தாலும் அவர் பாரைக் கண்டுபிடித்து விடுவார். 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட கடலெல்லையைத் தாண்டாமல் வீடு திரும்பவும் அது உதவும். ஆனால் 20 செக்கனில் ஒருவனுடைய வாய்ப்பைத் தீர்மானிக்கும் இடத்தில், அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றக்கூடாது. எந்தக் காரியத்துக்கு எவ்வளவு நுட்பம் வேண்டும் என்று அறிந்து கருவியை எடுப்பதே அறிவு. பொன்னை நிறுக்கும் தராசில் விறகை நிறுப்பாரும் இல்லை. விறகுத் தராசிற் பொன்னை நிறுப்பாரும் இல்லை.

வாலிப அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஓடத் தொடங்குமுன் திறந்த வெளியில் நின்று, கடிகாரம் செய்மதிகளைப் பிடிக்கும்வரை பொறுத்திருங்கள். புள்ளியைச் செக்கனுக்கு ஒருமுறை வைக்கும்படி அதனை அமைத்துக்கொள்ளுங்கள். அது காட்டும் தூரத்தை வைத்துப் போட்டி நடத்துவோரோடு வாதிடாதீர்கள். ஐயமிருந்தால் பாதையை அளந்து பாருங்கள். சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அளந்த பாதையின் தொடக்கத்திலும் திரும்பும் இடத்திலும் வீதியோரத்தில் ஆணி அடித்துக் குறியிட்டு, அளந்த முறையையும் சுற்றுக் கணக்கையும் எழுதிச் சங்க மண்டபத்தில் மாட்டவேண்டும். ஓடுவோர் புறப்படுமுன்னரே அதைப் படித்து ஒப்புக்கொண்டால் பின்னாற் சச்சரவுக்கு இடமிராது.

கடைசியாக, கடன். என் தம்பி அந்த வழிச்செலவோடு மாவட்டப் போட்டிக்குப் போய் ஓடி, ஏழாவதாக வந்தான். அப்பணம் அவனுக்கு உரியதன்று என்று தெரிந்தபின் இருவரும் கலந்து பேசினோம். அவன் கரைவலையில் உழைத்த கூலியில் ஒரு பாதியும், நான் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்ததில் ஒரு பாதியுமாக அத்தொகை முழுவதையும் பொருளாளர் அவர்களிடம் இன்று மாலை ஒப்படைத்துவிட்டோம். அடுத்த ஓட்டத்தில் 45 நிமிடத்துக்குள் வருபவருக்கு அது சேரட்டும். தம்பியும் ஓடுவான். சென்ற வாரம் அதே பாதையில் 45 நிமிடம் 6 செக்கனுக்கு வந்திருக்கிறான். நான் கையிற் பிடித்த நிறுத்தக்கடிகாரத்தின் கணக்கு அது.

பணக்கடன் தீர்ந்தது. சொற்கடன் ஒன்று உண்டு. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே! கூட்டத்தின் நடுவே சொன்ன சொல்லைத் தனியே வந்து திரும்பப் பெறுவது முறையாகாது. ஆதலின் இம்மேடையில், எல்லோரும் கேட்க, என் பிழையைப் பொறுத்தருளும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன். வரும் பொங்கலுக்குப் பாதையை நீங்களே அளக்க வேண்டும். புளியங்கொட்டைப் பையைச் சுமந்துகொண்டு நான் பின்னால் வருகிறேன்.